கடற்குதிரைக்கு வீட்டில் தொட்டி: கிழக்குக் கரை வெக்கைக்கான முழுமையான வழிகாட்டி

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்தில் கடற்குதிரை வளர்க்கத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தவறுகிறார்கள்: வரிசையில். முதலில் குதிரை வீட்டுக்கு வருகிறது. பிறகு தொட்டி, பிறகு கடல் தண்ணீர், கடைசியாகக் குளிரூட்டும் சில்லர். சில்லருக்குக் காசு சேரும் முன்னே குதிரை போய்விடுகிறது.

கீழே உள்ள வரிசை அதற்கு நேர்மாறு. விலங்கு கடைசியாக வரும். அதற்கு முன் வெறும் தொட்டி, நம்முடைய வெயிலிலும் கரண்ட் வெட்டிலும் இரண்டு, மூன்று மாதம் ஓடித் தன்னை நிரூபிக்க வேண்டும்.

தொடங்க நல்ல காலம் பெப்ரவரி, மார்ச். மாரி ஓய்ந்து கடல் தெளிந்திருக்கும். அப்போது தண்ணீர் நிரப்பினால், தொட்டி பதப்பட்டு முடிகிற நேரத்தில் கச்சான் காற்றும் வெக்கையும் வந்து உங்கள் குளிரூட்டலைச் சோதித்துக் காட்டும். அதைத் தாங்கிய தொட்டி வருடம் முழுவதும் தாங்கும்.

1. எந்தக் குதிரை, எங்கிருந்து என்று முதலில் தீர்மானியுங்கள்

வாங்குவது கடைசியில் என்றாலும் தீர்மானம் முதலிலேயே வேண்டும். தொட்டியின் உயரமும் சாப்பாட்டு ஏற்பாடும் அதைப் பொறுத்தவை.

வலையில் வந்த குதிரையை யாராவது வாளியில் கொண்டுவந்து காட்டினால் வாங்காதீர்கள். அது உயிர் இரையைத் தவிர எதையும் தொடாது, வலையில் உரசிய தோலில் கிருமி தொற்றியிருக்கும். காசு கொடுத்தால், அடுத்த முறை தானாகச் சிக்கியதோடு தேடிப் பிடித்ததும் சேர்ந்து வரும். உயிரோடு இருந்தால் எடுத்த இடத்திலேயே விடச் சொல்லுங்கள்.

உங்களுக்கு வேண்டியது தொட்டியிலேயே பிறந்து, உறைந்த இரை தின்னப் பழகிய சோடி ஒன்று. நம்முடைய கடலுக்கும் உரிய ஹிப்போகாம்பஸ் குடா இனம் ஏறக்குறைய 17 செ.மீ. வரை வளரும். இந்த வழிகாட்டியின் அளவுகள் எல்லாம் அந்த இனத்தின் ஒரு சோடிக்கானவை.

கடற்குதிரைகள் அனைத்தும், அருகிவரும் உயிரினங்களின் நாடுகளுக்கிடையிலான வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பின்னிணைப்பில் உள்ளன. 2004 மே மாதத்திலிருந்து அனுமதிப்பத்திரம் இல்லாமல் நாடு விட்டு நாடு கொண்டுபோக முடியாது. வாங்கும் முன் உங்கள் மாவட்டக் கடற்றொழில் அலுவலகத்திலும் வனஜீவராசிகள் அலுவலகத்திலும் கேளுங்கள். விற்பவரிடம் குதிரை எங்கே பிறந்தது என்பதற்கான பத்திரம் கேளுங்கள். தமிழ்நாட்டிலிருந்து வாசிப்பவர்களுக்கு: இந்தியாவில் 2001 முதல் கடற்குதிரை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்படுகிறது. வீட்டில் வைப்பது அங்கே குற்றம்.

2. வெக்கைக்கு வழி செய்யுங்கள்; தொட்டி பிறகு

குளிர்நாட்டு வழிகாட்டிகள் ஹீட்டரில் தொடங்கும். இங்கே ஹீட்டர் தேவையே இல்லை. இலக்கு 23 முதல் 25 பாகை செல்சியஸ். நம்முடைய வீட்டுக்குள் நிற்கும் தண்ணீர் சித்திரை, வைகாசியில் சும்மாவே 29, 30 பாகையைத் தொடும்.

"வாவிக்குள்ள சூட்டிலதானே கிடக்கு மனே, உனக்கென்னத்துக்குக் குளிர்ப்பெட்டி?" என்று வலைக்காரர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. வாவியில் ஒரு குதிரைக்கு எத்தனையோ ஆயிரம் லீட்டர் தண்ணீர் உண்டு. கழிவும் மிச்ச இரையும் தங்காமல் போய்விடும். கண்ணாடிப் பெட்டியில் அவை அங்கேயே அழுகும். விப்ரியோ வகைப் பக்டீரியாக்கள் அதில் பெருகும். தண்ணீர் சூடாகச் சூடாக வேகமாகப் பெருகும். சூடான தண்ணீரில் ஒட்சிசனும் குறைவு. வீட்டுத் தொட்டியில் சாகும் குதிரைகளில் பல இந்தப் பக்டீரியாவால் சாகின்றன. குளிரூட்டல் அதன் வேகத்தைக் குறைக்கிறது.

தண்ணீருக்கு மேலே ஒரு சிறு மின்விசிறியை வீச வைத்தால் ஆவியாதல் மூலம் 2 முதல் 4 பாகை குறையும். உலர்ந்த கச்சான் காற்றில் இது நன்றாக வேலை செய்யும். ஈரப்பதன் கூடிய நாட்களில் குறைவாகவே செய்யும். 30 பாகைத் தண்ணீரை விசிறி மட்டும் 24க்கு இறக்காது. ஆகவே சில்லர் வேண்டும், அல்லது இரவும் பகலும் ஏசி ஓடும் அறை வேண்டும். இரண்டும் கட்டாது என்றால் இப்போதைக்குக் கடற்குதிரை வேண்டாம். இதைச் சொல்லக் கஷ்டமாக இருந்தாலும் இதுதான் உண்மை. 150 லீட்டர்த் தொட்டிக்கு பத்தில் ஒரு குதிரைவலுச் சில்லர் பொதுவாகப் போதும்.

சில்லரைத் தொட்டிக்குக் கீழே உள்ள மூடிய அலுமாரிக்குள் வைப்பது மிகப் பரவலான பிழை. அது தண்ணீரிலிருந்து எடுத்த சூட்டைத்தான் வெளியே ஊதுகிறது. மூடிய இடத்தில் அந்தச் சூடு திரும்பவும் அதற்குள்ளேயே போக, இயந்திரம் நிற்காமல் ஓடிப் பழுதாகும். நாலு பக்கமும் காற்றுப் போகும் இடத்தில் வையுங்கள். தொட்டியின் பின்புறத்திலும் பக்கங்களிலும் ரெஜிபோம் தகடு ஒட்டினால் அதன் வேலை இன்னும் குறையும்.

அடுத்தது கரண்ட். 2022 மார்ச்சில் ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை வெட்டியதை யாரும் மறந்திருக்க மாட்டோம். இப்போது அந்த அளவுக்கு இல்லாவிட்டாலும் மாரி மழையில் மரம் முறிந்து கம்பி அறுவது வழக்கம். கரண்ட் நின்றால் தண்ணீர் மெதுவாகத்தான் சூடேறும். ஒட்சிசன் அதற்கு முன்பே குறைந்துவிடும். பற்றரியில் ஓடும் காற்றுப் பம்ப் ஒன்றை எப்போதும் சார்ஜ் ஏற்றி வையுங்கள். காற்றுப் பம்பைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வையுங்கள், அல்லது குழாயில் ஒருவழி வால்வு போடுங்கள். இல்லாவிட்டால் கரண்ட் நிற்கும்போது தண்ணீர் குழாய் வழியே பின்னோக்கி இறங்கித் தரையை நனைக்கும்.

3. தொட்டி உயரமாக இருக்க வேண்டும்

மற்ற மீன்களுக்கு நீளம் முக்கியம். கடற்குதிரை சோடி சேரும்போது நிமிர்ந்து மேலே எழும்பி, அந்த எழுச்சியிலேயே பெண் தன் முட்டைகளை ஆணின் பைக்குள் இடும். உயரம் போதாவிட்டால் முட்டை தவறி விழும். வாலை நீட்டி அளந்த உயரத்தின் மூன்று மடங்கு என்பது கணக்கு, 45 செ.மீ.க்குக் குறையவே கூடாது.

60 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலம், 60 செ.மீ. உயரம் என்று 10 மி.மீ. கண்ணாடியில் செய்யச் சொல்லுங்கள். 54 செ.மீ. வரை நிரப்பினால் ஏறக்குறைய 145 லீட்டர். கண்ணாடியோடு சேர்த்து 190 கிலோ அளவு வரும். பலகை மேசை தாங்காது. இரும்புச் சட்டம் செய்து, சீமெந்துத் தரையில் மட்டம் பார்த்து வையுங்கள். கண்ணாடிக்கும் சட்டத்துக்கும் இடையில் ரெஜிபோம் தகடு விரியுங்கள். மேடுபள்ளம் இருந்தால் கீழ்க் கண்ணாடி வெடிக்கும்.

யன்னல் வெயில் படும் சுவர் வேண்டாம். சமையலறைக்குப் பக்கத்திலும் வேண்டாம். எல்லா வயரையும் ஒருமுறை கீழே தொங்கவிட்டு மேலே எடுத்துச் செருகுங்கள். வழிந்து வரும் உப்புத் தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும், பிளக்குக்குப் போகாது. வீட்டில் ட்ரிப் சுவிச் வேலை செய்கிறதா என்றும் பாருங்கள்.

4. கடல் தண்ணீர்: எடுக்கும் இடம், காலம், பக்குவம்

கடல் பக்கத்தில் இருப்பது நமக்கு வரம். கொழும்புக்காரர் காசு கொடுத்து வாங்கும் உப்புக் கலவை நமக்குக் கானோடு கரைக்குப் போனால் கிடைக்கும். ஆனால் எந்தக் கரை, எந்த மாதம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

வாவித் தண்ணீர் வேண்டாம். மாரியில் அது நன்னீராகவே மாறிவிடும், ஊர்க் கழிவும் வயல் தண்ணீரும் அதில்தான் வடிகின்றன. அதே காரணத்தால் பாலமீன்மடு முகத்துவாரத்துக்கும் கல்லாற்று முகத்துக்கும் பக்கத்துக் கடலிலும் எடுக்காதீர்கள். வெயில் காலத்தில் முகத்துவாரத்திலிருந்து தள்ளியிருக்கும் திறந்த கடற்கரை பரவாயில்லை. அதைவிட நல்லது, இயந்திரப் படகில் போகிற தெரிந்தவரிடம் கான்களைக் கொடுத்து, கரையிலிருந்து தள்ளித் தெளிந்த நீலத் தண்ணீரில் நிரப்பித்தரச் சொல்வது. கல்முனை, நிந்தவூர், திருக்கோவில், பொத்துவில் பக்கத்தாருக்கும் இதே வழிதான்.

கானைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். எண்ணெய்க் கான் வேண்டாம். வயலுக்கு மருந்தடித்த கான் எத்தனை முறை கழுவினாலும் வேண்டாம். களைநாசினியும் பூச்சிநாசினியும் பிளாஸ்டிக்கில் ஊறியிருக்கும். குடிதண்ணீருக்கு வரும் 20 லீட்டர்க் கான் எட்டுப் புதிதாக வாங்கி, "கடல்" என்று எழுதிவைத்து வேறெதற்கும் எடுக்காதீர்கள். எட்டுக் கானும் ஓட்டோவில் ஒரே நடையில் வந்துவிடும்.

வந்த தண்ணீரை அடர்ந்த துணியில் வடித்து, மூடிய தாங்கியில் ஒரு நாள் அடைய விடுங்கள். பிறகு குளோரின். 5 வீத சோடியம் ஹைப்போகுளோரைட், வாசனை சேர்க்காதது, 100 லீட்டருக்கு 20 மி.லீ. அளவு விடுங்கள். இது 10 பிபிஎம் (பத்து லட்சத்தில் பத்துப் பங்கு) குளோரின் தரும். கடலிலிருந்து வந்த ஒட்டுண்ணி முட்டை, பக்டீரியா, ஹைட்ராய்ட் என்னும் கொட்டும் சிறு கடலுயிரின் துணுக்குகள் ஆகியவற்றில் பெரும்பகுதி இதில் அழியும். ஒரு நாள் முழுக்கக் காற்றுப் பம்ப் ஓடவிடுங்கள். அதன் பிறகு சோடியம் தயோசல்பேட் 100 லீட்டருக்கு 7 கிராம் கரைத்து விட்டால் மிச்ச குளோரின் முறியும். நீச்சல் தடாகங்களுக்கு விற்கும் குளோரின் சோதனைத் துளியை விட்டுப் பாருங்கள். மஞ்சள் நிறம் துளியளவு தெரிந்தாலும் தொட்டிக்கு விடக்கூடாது. முதல் நிரப்பலில் தப்பினாலும், பிறகு தண்ணீர் மாற்றும்போது அந்த மிச்சம் வடிகட்டிப் பக்டீரியாவையும் குதிரையின் செவுளையும் சேர்த்துக் கொல்லும்.

உப்பை ஒவ்வொரு முறையும் ரிஃப்ராக்டோமீட்டரில் அளவுங்கள். சாரடர்த்தி 1.023 முதல் 1.025 வரை. மழைக்காலத்தில் ஆறுகள் கொட்டும் தண்ணீரால் கரையோரக் கடலே இதைவிடக் குறைந்து காட்டும்.

கார்த்திகையிலிருந்து தை வரை கடலும் கலங்கும், படகும் போகாது. வாரம் 20 லீட்டர் மாற்றினால் அந்த மூன்று மாதத்துக்கு 260 லீட்டர் அளவு தேவை. 500 லீட்டர்த் தாங்கி ஒன்றில் புரட்டாதிக்குள் பக்குவப்படுத்தி மூடிவையுங்கள். இடமில்லாதவர் மீன் தொட்டிக்கென்றே விற்கும் கடலுப்புக் கலவையை வாங்குங்கள். லீட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம். சமையல் உப்பும் உப்பளக் கல்லுப்பும் உதவாது. கல்சியம், மக்னீசியம் முதலியவை அவற்றில் பெருமளவு பிரிந்துபோயிருக்கும்.

ஆவியாகிற தண்ணீருக்கு ஈடாக நன்னீர் விட வேண்டும். புதியவர்கள் இங்கே கடல் தண்ணீரை விடுகிறார்கள். தண்ணீர் மட்டும்தான் ஆவியாகிறது, உப்பு தொட்டியிலேயே நிற்கிறது. கடல் தண்ணீரை விட்டுக்கொண்டே போனால் உப்பு ஏறிக்கொண்டே போகும். கண்ணாடியில் ஒரு கோடு போட்டு, தினமும் அந்தக் கோடு வரை ஆர்ஓ தண்ணீர் விடுங்கள். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். வயலோரக் கிணற்றில் பசளையின் நைட்ரேட்டும், வீட்டு மலசலகூடக் குழிக்குப் பக்கத்துக் கிணற்றில் அதைவிட மோசமானதும் இருக்கலாம்.

5. வடிகட்டியும் நீரோட்டமும்

கடற்குதிரைக்கு இரைப்பை இல்லை. தின்றது வேகமாகக் கடந்துவிடும், அதனால் நிறையத் தின்னும், நிறையக் கழிக்கும். 145 லீட்டருக்கு என்று விற்கும் வடிகட்டியைவிட ஒரு படி பெரியதாக எடுங்கள். தொட்டிக்கு வெளியே நிற்கும் கனிஸ்டர் வடிகட்டியோடு, கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் புரோட்டீன் ஸ்கிம்மர் ஒன்றும் இருந்தால் தண்ணீர் நன்றாக நிற்கும். ஸ்கிம்மரிலிருந்து நுண்குமிழிகள் தொட்டிக்குள் வராதபடி வெளிவாயில் ஸ்பொஞ்ச் வையுங்கள்.

மெதுவாக நீந்தும் விலங்கு என்பதால் நீரோட்டமே கூடாது என்று நினைப்பதும் தவறு. ஓட்டமில்லாத மூலையில் அழுக்குத் தேங்கும். தண்ணீர் வெளிவரும் குழாயில் பல துளையிட்டு ஓட்டத்தைப் பரப்புங்கள்; சில இடம் ஓடட்டும், சில இடம் அமைதியாக இருக்கட்டும், குதிரை தனக்கு வேண்டியதைத் தேர்ந்துகொள்ளும். உறிஞ்சும் வாய் எல்லாவற்றுக்கும் ஸ்பொஞ்ச் உறை கட்டாயம். கண்டதையெல்லாம் வாலால் சுற்றும் விலங்கு அது. திறந்த வாயில் வால் இழுபட்டுக் காயப்பட்டால் அந்தக் காயத்திலிருந்தே வால் அழுகத் தொடங்கும்.

6. வெறும் தொட்டியை ஓடவிடுங்கள்

தண்ணீர் தெளிவாக இருக்கிறதே என்று இந்தப் படியைத் தாண்டுகிறவர்களே அதிகம். தெளிந்த தண்ணீரில் கொல்லும் அளவு அமோனியா இருக்கலாம், கண்ணுக்குத் தெரியாது. அமோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பக்டீரியா வடிகட்டியில் குடியேற நாலு முதல் ஆறு வாரம் ஆகும்.

விரல் நுனியளவு பச்சை இறால் துண்டை நைலோன் வலையில் கட்டித் தொட்டிக்குள் போடுங்கள். அது அழுக அழுக அமோனியா ஏறும். 2 பிபிஎம் காட்டியதும் வெளியே எடுங்கள். உப்புத் தண்ணீருக்கான சோதனைக் கிட்டால் ஒருநாள் விட்டு ஒருநாள் பார்த்துக் கொப்பியில் குறியுங்கள். முதலில் அமோனியா இறங்கும், நைட்ரைட் ஏறும், பிறகு அதுவும் இறங்கும். இறால் துண்டை மறுபடி போட்டு ஏற்றிய அமோனியா ஒரு நாளுக்குள் பூச்சியமாகி, நைட்ரைட்டும் பூச்சியமாக நின்றால் தொட்டி தயார். அப்போது பாதித் தண்ணீரை மாற்றி நைட்ரேட்டை 10 பிபிஎம்முக்குக் கீழே கொண்டுவாருங்கள். பிஎச் 8.0 முதல் 8.4 வரை.

இந்த வாரங்களில் சில்லரும் ஓடட்டும். வெக்கை கூடிய பின்னேரங்களில் வெப்பநிலை எவ்வளவு என்று அதே கொப்பியில் எழுதுங்கள். ஒரு பாகைக்கு மேல் ஏறி இறங்கினால் குதிரை வரும் முன்பே சரிசெய்ய இதுதான் நேரம்.

7. வாலுக்குப் பிடி

பிடிக்க ஒன்றுமில்லாத தொட்டியில் குதிரை களைத்துப்போகும். பிளாஸ்டிக் கடற்செடி, கரடில்லாத பிளாஸ்டிக் சங்கிலி, நைலோன் கயிறு எல்லாம் உதவும். கொதிநீர் ஊற்றிக் கழுவி, வெவ்வேறு உயரங்களில் நிறுத்துங்கள்.

பாசிக்குடா, காயன்கேணிப் பக்கத்து முருகைக்கல்லைப் பெயர்த்து வராதீர்கள். கடலோரப் பாதுகாப்புச் சட்டம் அதைத் தடுக்கிறது. அதோடு அப்படியான கல்லுக்குள் ஒளிந்து வரும் மான்டிஸ் இறால், முள்ளுப்புழு, ஹைட்ராய்ட் எல்லாம் குதிரைக்கு எமன். உலர்ந்த செயற்கைக் கல் போதும்.

துணைக்குச் சிறு நத்தைகள் வைக்கலாம். கொட்டும் பவளம், கடற்சாமந்தி, நண்டு, வேகமாக இரை பறிக்கும் மீன் எதுவும் வேண்டாம்.

8. சாப்பாட்டு வழி உறுதியாகும் வரை வாங்காதீர்கள்

நாளுக்கு இரண்டு வேளை, ஒவ்வொரு நாளும். முதன்மை இரை உறைந்த மைசிஸ் இறால். அது கொழும்புக் கடைகளிலிருந்துதான் வர வேண்டும். ரெஜிபோம் பெட்டியில் ஐஸ் போட்டு இரவு பஸ்ஸில் அனுப்பச் சொல்லி, இரண்டு மாத இரை பிரீசரில் சேர்ந்த பிறகே குதிரையைப் பற்றிப் பேசுங்கள். இறால் மீன் வைக்கும் பிரீசர் அடிக்கடி உருகி உறையும் வீடாக இருந்தால் சிறு பொதிகளாகப் பிரித்து வையுங்கள். ஒருமுறை உருகியதைத் திரும்ப உறைய வைத்தால் சத்தும் போகும், பக்டீரியாவும் பெருகும்.

ஆர்டீமியா என்னும் உப்புநீர்ச் சிற்றிறாலின் முட்டையை வீட்டிலேயே பொரிக்கலாம், நம்முடைய வெப்பத்தில் ஒரு நாளில் பொரிந்துவிடும். அது அவசரத்துக்கும் குஞ்சுகளுக்கும்தான். வளர்ந்த ஆர்டீமியாவைச் சத்தூட்டாமல் தனியே கொடுத்தால் குதிரை வயிறு நிறைந்தபடியே மெலியும். சந்தையில் வரும் பச்சைக் கூனி இறாலைச் சுத்தம் செய்து உறையவைத்து இடையிடையே கொடுக்கலாம். காய்ந்த கூனி உதவாது. வாவியிலிருந்து பிடித்த உயிர்க் கூனியை நேரே விடவும் கூடாது, நோய் அதோடு வரும்.

இரையை உருக்கி, நன்னீரில் அலசி, ஒரு சிப்பி ஓட்டில் தினமும் அதே இடத்தில் வையுங்கள். குதிரை பழகி அங்கேயே வரும். ஒரு மணித்தியாலத்துக்குள் மிச்சத்தைக் குழாயால் உறிஞ்சி எடுங்கள். இந்த ஒரு வேலையை ஒழுங்காகச் செய்கிறவர்களின் தொட்டியில் நோய் மிகக் குறைவு.

9. வாங்குவதும் இறக்குவதும்

விற்பவர் உங்கள் கண் முன்னால் உறைந்த மைசிஸ் போட வேண்டும், குதிரை தின்ன வேண்டும். தின்னாததை எவ்வளவு மலிவாகத் தந்தாலும் எடுக்காதீர்கள். வயிற்றுப் பக்கம் உள்ளே குழிந்திருக்கக் கூடாது. மூக்கிலும் வால் நுனியிலும் வெள்ளைத் திட்டு இருக்கக் கூடாது. இரண்டு கண்ணும் தனித்தனியே அசைய வேண்டும். வயிற்றுக்குக் கீழே, வால் தொடங்கும் இடத்தில் மழமழப்பான பை இருந்தால் ஆண்.

கொழும்பிலிருந்து பகலில் கொண்டுவராதீர்கள். இரவுப் பயணம், ரெஜிபோம் பெட்டி, பையில் பற்றிப் பிடிக்க ஒரு பிளாஸ்டிக் கொடி. புறப்படும் நாளில் இரை வேண்டாம்.

வீட்டுக்கு வந்ததும் பையை மூடியபடியே தொட்டித் தண்ணீரில் 20 நிமிடம் மிதக்கவிடுங்கள். திறந்த பிறகு மணிக்கணக்காகச் சொட்டுச் சொட்டாகக் கலப்பது பழைய பழக்கம், அது ஆபத்தானது. நீண்ட பயணத்தில் பைத் தண்ணீரின் பிஎச் இறங்கியிருப்பதால்தான் உள்ளே சேர்ந்த அமோனியா அவ்வளவாகத் தாக்காமல் இருந்தது. பை திறந்து காற்றுப் பட்டதும் பிஎச் ஏறும், அமோனியா நஞ்சாகும். விற்பவரிடம் உப்பளவை முன்கூட்டியே கேட்டு உங்கள் தொட்டியை அதற்குச் சரிசெய்துவிட்டால் அரை மணித்தியாலத்துக்குள் இறக்கிவிடலாம். பைத் தண்ணீரைத் தொட்டிக்குள் ஊற்றாதீர்கள்.

10. அன்றாடம்

காலையில் வெப்பநிலையும் குதிரையின் வயிறும் பாருங்கள். வாரம் ஒருமுறை 20 லீட்டர் மாற்றி, அமோனியா, நைட்ரைட், நைட்ரேட், உப்பு நாலும் சோதியுங்கள். வடிகட்டி ஸ்பொஞ்சைக் குழாய்த் தண்ணீரில் கழுவாமல், மாற்றி எடுத்த உப்புத் தண்ணீரிலேயே அலசுங்கள்.

கையில் சவர்க்காரமோ தைலமோ தேங்காய் எண்ணெயோ இருக்கும்போது தொட்டிக்குள் விடாதீர்கள். நுளம்பு ஸ்பிரே அந்த அறையில் வேண்டவே வேண்டாம். டெங்குப் புகை அடிக்க வருகிறார்கள் என்று அறிவித்தால், காற்றுப் பம்பை நிறுத்தித் தொட்டியை ஈரத்துணியால் மூடி யன்னலைச் சாத்துங்கள். வடிகட்டி ஓடட்டும். புகையிலுள்ள மருந்து மீனுக்கும் இறாலுக்கும் மிகக் கொடிய நஞ்சு. காற்றுப் பம்ப் அறைக் காற்றை உறிஞ்சித் தண்ணீருக்குள் நேரே ஊதுகிறது.

ஒரு வேளை தின்னாவிட்டால் தண்ணீரைச் சோதியுங்கள். இரண்டு நாள் தின்னாவிட்டால், அல்லது வெள்ளைத் திட்டு, வாலில் குமிழ், வேகமான மூச்சு தெரிந்தால் உடனே தனித் தொட்டிக்கு மாற்றி, வெப்பநிலையை மெதுவாக 22 பாகைக்கு இறக்கி, மிருக வைத்தியரைக் கேளுங்கள். மருந்தை ஊகித்துப் பிரதான தொட்டிக்குள் போட்டால் வடிகட்டிப் பக்டீரியா செத்து, இரண்டாவது குதிரையும் போகும்.

ஆணின் பை வீங்கி, சில வாரத்தில் நூற்றுக்கணக்கில் குஞ்சுகள் வரலாம். அவற்றுக்குத் தனித் தொட்டியும், நாள் முழுக்கப் புதிதாகப் பொரித்த உயிர் இரையும் வேண்டும். அது தனியே படிக்க வேண்டிய வேலை. பிழைத்து வளர்ந்தவற்றை வாவியிலோ கடலிலோ விடாதீர்கள். தொட்டிக் கிருமி அங்குள்ள குதிரைகளுக்குத் தொற்றும். கேட்டு வருகிறவர்களுக்குக் கொடுப்பதாக இருந்தால், வெறும் தொட்டி ஓடிய காலத்துக் கொப்பியைக் காட்டச் சொல்லி, பார்த்த பிறகு கொடுங்கள்.